பெரியானை வட்டம், சிறியானை வட்டம்

சபரிமலைக்குப் போகும் காட்டுப் பாதையில், கரிமலை இறக்கம் முடிந்து பம்பைக் கரையைத் தொடுகிற இடத்தில் இரண்டு தாவளங்கள் உண்டு, பக்தர்கள் தங்கிப் போகிற இடங்கள். ஒன்றுக்குப் பெரியானை வட்டம் என்று பெயர், இன்னொன்றுக்குச் சிறியானை வட்டம். முட்டி இரண்டும் கழன்று, தொடை நடுங்க வந்து விழுகிறவனுக்கு ஊர்ப்பெயரை யோசிக்கத் தெம்பு இருக்காது. 1983-ல் நான் முதல்முறை மலைக்குப் போகிற கன்னிச்சாமி, வயது 13. இருமுடியை இறக்கி வைத்த கையோடு குருசாமியிடம் கேட்டேன்: "யானை வட்டம்னா யானை எங்க சாமி?"

விரி என்கிற ராத்திரிக் கூரைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "இங்கதான் நிக்கும். நாம வந்துருக்கோம்னு கொஞ்சம் தள்ளி நிக்குது. ரெண்டு நாள்ல போயிருவானுகன்னு அதுக்குத் தெரியும்."

நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். குருசாமிக்கு ஊரில் பலசரக்குக் கடை. மாலை போட்டுவிட்டால் அவரிடம் பாக்கி வைத்திருக்கிறவனும் அவருக்குச் சாமிதான், நாலடி உயரம் இருந்த நானும் சாமிதான். என் அப்பாவே விடியற்காலையில் "எந்திரிங்க சாமி" என்று என்னை எழுப்புவார். ஒரு மண்டலத்தில் அந்த மரியாதை எனக்கு நன்றாகவே பழகிவிட்டிருந்தது. காட்டுக்குள் நுழைந்தபிறகு குருசாமி யானையையும் "ஆனைச்சாமி" என்று சொல்லத் தொடங்கியதும்தான் எனக்கு இந்த மரியாதையின் அளவு கொஞ்சம் பிடிபட்டது.

பெரிய பாதை என்பது எருமேலியிலிருந்து பம்பைவரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பேட்டை துள்ளி, வாவர் சாமியை வணங்கிக் கிளம்பினால் பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதா நதி. அங்கே முங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஏறி, கல்லிடும் குன்றில் போட்டுவிட்டு, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரியிலாந்தோடு, பிறகு கரிமலை. கரி என்றாலே யானைதானே. பெயர் வைத்தவர்கள் எதையும் ஒளிக்கவில்லை.

இடையில் இரண்டு இரவாவது காட்டில் படுக்கவேண்டும். இன்றைக்கு இதற்கு கேம்பிங் என்று பெயர். கூடாரம், தூங்கும் பை, தலையில் மாட்டுகிற விளக்கு என்று ஆயிரக்கணக்கில் செலவாகிறது. எங்கள் 22 பேருக்கும் சேர்த்து இருந்தவை: ஆளுக்கொரு ஜமுக்காளம், அரிவாள் இரண்டு, அலுமினிய அண்டா ஒன்று, பெட்ரோமாக்ஸ் ஒன்று, அதற்கு மேண்டில் ஆறு. மாட்டிய மேண்டில் முதல் நாள் ஏற்றத்திலேயே உதிர்ந்துவிட்டது.

விரி போட இடம் பார்ப்பதைக் குருசாமி யாரிடமும் விடமாட்டார். தண்ணீர் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆனால் தண்ணீருக்கு இறங்குகிற தடத்தில் இருக்கக்கூடாது. மூங்கில் புதரை ஒட்டி வேண்டவே வேண்டாம். இஞ்சிப்பாறைக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல சமதளம் கிடைத்ததும் எல்லோரும் மூட்டையை இறக்கப் போனோம். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஓரத்தில் கிடந்த யானை லத்தி உருண்டை ஒன்றைக் கால் பெருவிரலால் தள்ளினார். புரண்டது, உடையவில்லை. குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. ஒன்றும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்தார். நாங்களும் நடந்தோம். அரை மணி நேரம் தள்ளி, கல்லும் வேருமாக இருந்த ஒரு சரிவில்தான் அன்றைக்குப் படுக்கை.

அவருடைய சட்டங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். ஒண்ணுக்குப் போனாலும் மூன்று பேராகப் போகவேண்டும், கையைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். சிறுவர்கள் நடுவில், பெரியவர்கள் சுற்றி. ஆழித் தீ விடியவிடிய எரியவேண்டும், இரண்டிரண்டு பேராகக் காவல். மிச்சக் கஞ்சியைக் குழி தோண்டி மூடவேண்டும். வெல்லத்தையும் உப்பையும் எவனும் தலைமாட்டில் வைத்துத் தூங்கக்கூடாது. அவை ஆழிப் பக்கம், காவல்காரர் கண்ணில் இருக்கவேண்டும். பலசரக்குக் கடைக்காரர் என்பதால் உப்புக்கும் வெல்லத்துக்கும் கணக்குப் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தேன். கடைசியாக, ஆறிய சாம்பலை அள்ளி விரியைச் சுற்றிக் கோடு போடுவார். பாம்பு வராதாம். சாம்பல் கோட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிற பாம்பு உண்டா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டி இருட்டுக்குள் கால் வைக்க எங்களில் ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

யானைக்குக் கண் அவ்வளவு கூர்மை கிடையாது. மூக்கும் காதும்தான். நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் விலகிவிடும். வளைவில் திடீரென்று பத்தடியில் எதிர்ப்பட்டால்தான் வினை. சரணம் விளித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஏறுகிறது என்றால் அரை மைல் தூரத்துக்கு அதற்குத் தகவல் போய்விடுகிறது. வழிநெடுக இருந்த வெடி வழிபாட்டுக்கும் மூலகாரணம் இதுதான் என்று சொல்வார்கள்: மிருகங்களுக்கு 'வருகிறோம், ஒதுங்கு' என்று சொல்லத் தொடங்கிய வெடி, பிறகு வழிபாடாகி ரசீதும் பெற்றுவிட்டது. 2023 ஜனவரியில் மாளிகைப்புறம் பக்கத்தில் வெடிமருந்து தீப்பிடித்துத் தொழிலாளர்கள் கருகினார்கள், உயிரும் போயிற்று. யானையை விரட்ட வந்த மருந்து மனிதர்களைக் கொன்றது.

அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் பலர். மாலை போட்ட வீடுகளில் பஜனை முடிந்து சுண்டல் தின்னும்போது இந்தப் பேச்சு கட்டாயம் வரும். நானும் உருகியிருக்கிறேன். ஆனால் எங்கள் 22 பேருக்கு ஒரு ராத்திரி விரி போட எத்தனை இளமரத்தை வெட்டினோம் என்று நினைத்துப் பார்த்தால் உருக்கம் குறைந்துவிடும். நாலு கால், அதற்குக் குறுக்கே கழி, மேலே தழை, விடியவிடிய விறகு. நாங்கள் போனபிறகு அதே இடத்துக்கு அடுத்த குழு வரும். எங்கள் கழியில் பாதியை அவர்கள் அடுப்பில் வைத்துவிட்டுப் புதிதாக வெட்டுவார்கள். தாவளங்களைச் சுற்றி ஒரு கல்லெறி தூரம் காடு மொட்டையாக இருந்தது என் கண்ணிலேயே இருக்கிறது. ஆழியை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினோமா என்று கேட்டால், சரியாக நினைவில்லை என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியாது. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் வந்தது; தேக்கடி ஏரியைச் சுற்றிய காட்டை 1934-ல் திருவிதாங்கூர் அரசு சரணாலயமாக்கியது; 1978-ல் அது பெரியாறு புலிகள் காப்பகம். இப்போது மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். நாங்கள் அரிவாளோடு விரி கட்டியபோது அந்த இடம் ஐந்து வருடமாகப் புலிகள் காப்பகம். எங்கள் குருசாமிக்குத் தெரிந்த புலி, பந்தள ராஜகுமாரன் ஏறி வந்த புலி ஒன்றுதான்.

தமிழ்நாட்டிலிருந்து இவ்வளவு கூட்டம் அந்தக் காட்டுக்குப் போனது ஒன்றும் ஆதிகாலத்துப் பழக்கமில்லை. 1950-ல் கோயில் தீக்கிரையானது. புதிதாக வார்த்த ஐம்பொன் விக்ரகத்தை பி.டி.ராஜன் ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுவந்தார். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் குழு ஐயப்பன் கதையைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனது. 1960-களில் பம்பைப் பக்கம் சாலை வந்தது. 1975-ல் 'சுவாமி ஐயப்பன்' படம். அந்தப் படத்தின் வருமானத்தில்தான் பம்பையிலிருந்து சன்னிதானத்துக்கு சுவாமி ஐயப்பன் ரோடு போட்டார்கள். எங்கள் குருசாமி முதன்முதலாக மாலை போட்டதும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்பதை அவர் மனைவி சொல்லி நான் அறிந்தேன், அவர் சொன்னதில்லை.

பஸ் பம்பைவரை போனபிறகு பெரும்பாலானவர்கள் பம்பையிலிருந்து ஏறுகிற சின்னப் பாதைக்கு மாறிவிட்டார்கள். 2024 சீசனில் ஆன்லைன் முன்பதிவு மட்டும் நாளொன்றுக்கு 70,000 பேர். இத்தனை பேருக்கும் சோறு, தண்ணீர், பிரசாதம், கழிப்பறை எல்லாம் ஒரு புலிகள் காப்பகத்தின் நடுவில். பெரிய பாதையில் போகிறவர்கள் இதில் ஒரு பங்குதான், ஆனால் அந்தப் பங்கே எங்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத கூட்டம்.

நாற்பது வருடம் கழித்து, 2023-ல், அண்ணன் மகனுக்குக் கன்னிப் பூஜை. பெரிய பாதைதான் வேண்டும் என்று பையன் பிடிவாதம். யூடியூபில் பார்த்திருக்கிறான். குருசாமி இல்லை, நான்தான் குருசாமி என்றார்கள். எட்டுப் பேர் கிளம்பினோம்.

அழுதாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. குறுக்கே கயிறு கட்டியிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமலே தலையை ஆட்டினார்.

"நேரம் கழிஞ்ஞு சாமி. இனி நாளைக் காலத்து."

"முக்குழி வரைக்கும் போய்த் தங்கிக்கிறோம் சாமி. நான் பழைய ஆளு. எண்பத்தி மூணுல…"

"எண்பத்தி மூணுல ஆனைக்கும் வயசு கொறவு சாமி," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. 2017 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் இதே பாதையில் தமிழ்நாட்டுப் பக்தர்கள் யானை தாக்கி இறந்தார்கள். கொரோனாவில் பாதை மூடிக் கிடந்து, 2021 டிசம்பர் 31-ல்தான் மறுபடி திறந்தது. கிட்டத்தட்ட இரண்டு சீசன் ஆள் நடமாட்டமே இல்லாத தடம் யாருடையதாக ஆகியிருக்கும்? வழக்கமான வருடங்களிலேயே மகரஜோதி முடிந்து நடை சாத்தினால் அடுத்த கார்த்திகைவரை அது மிருகங்களின் பாதைதான். ஒவ்வொரு சீசனுக்கும் புதர் வெட்டித்தான் நமக்கு வழி உண்டாக்குகிறார்கள். மலையேறுகிறவர்களை நேரம் பார்த்து நிறுத்துவது, கூட்டமாக்கி அனுப்புவது, தாவளங்களைச் சுற்றிச் சூரிய மின்வேலி, ரோந்துக்கு ஆட்கள், அந்தப் பக்கத்து மலைவாழ் மக்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த குழுக்கள் நடத்துகிற கடைகள் என்று எல்லாம் மாறியிருக்கிறது. யாரும் மரம் வெட்டுவதில்லை. வெட்ட விடமாட்டார்கள். தகரக் கூரைக்கடியில் வாடகைக்குப் பாய் கிடைக்கிறது. சுற்றிலும் அந்த மொட்டை நிலத்தில் இப்போது குத்துச்செடி மண்டியிருந்ததைப் பார்த்தேன். 1983-ஐவிடக் காடு அங்கே நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

மோசமாகியிருப்பது வேறு. எங்கள் பின்முடியில் அரிசி, பருப்பு, அவல், வெல்லம் இருந்தன. பொங்கித் தின்றால் தீர்ந்தது. இன்றைய முடியில் பொட்டலத்துக்குள் பொட்டலம்: கற்பூரத்துக்கு ஒரு உறை, பன்னீருக்கு ஒரு பாட்டில், மஞ்சள்பொடிக்கு ஒரு பாக்கெட். இருமுடிக்குள் பிளாஸ்டிக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டு வருடங்கள் ஆகின்றன. சபரிமலைத் தந்திரியும் 2024-ல் கற்பூரம், சாம்பிராணி, பன்னீரைக் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் எட்டுப் பேரின் முடியையும் ஊரில் பிரித்துப் பார்த்து நான்தான் உறைகளை உருவினேன். அண்ணி முகம் சுளித்தார்: "கடைல செட்டா குடுத்தது, அப்படியே வைக்காம எதுக்குப் பிரிக்கிறீங்க?"

உப்புத் தடவிய உறையை மான் மெல்லும். வெல்லம் ஒட்டிய உறையை யானை துழாவி எடுக்கும். அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லமுடியாது, ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை பழக்கம். மனிதன் இருக்கிற இடத்தில் தின்பண்டம் இருக்கிறது என்று ஒரு மிருகம் ஒருமுறை படித்துவிட்டால் அதை மறக்கவைக்க முடியாது. சன்னிதானத்துக் காட்டுப் பன்றிகள் அந்தப் பாடத்தில் தேறிவிட்டன. எச்சில் இலையை நம்பிக் கூட்டத்துக்கு நடுவிலேயே திரிகின்றன. பக்தர்களை முட்டியும் இருக்கின்றன. வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுகிறது.

சபரிமலைப் பிரசாதமான அரவணை பற்றிய விவகாரம் நினைவிருக்கும். 2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிமருந்து இருக்கிறது என்ற வழக்கில் உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. சுமார் 6.65 லட்சம் டின் தேங்கிவிட்டது. சரி, கெட்டுப்போனதைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. வெல்லப் பாகும் நெய்யும். வாசம் பிடித்து யானைகள் வந்துவிடும் என்று பயம். மாதக்கணக்கில் கிடங்கில் அடைகாத்து, கடைசியில் காட்டைவிட்டு வெளியே எடுத்துப்போய்த்தான் ஒழித்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் குருசாமியும் தலைமாட்டு வெல்லமும்தான் ஞாபகத்துக்கு வந்தன. 22 பேர் வெல்லத்துக்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது.

இதே காப்பகத்தின் குமுளிப் பக்கம் இன்னொரு விதமாகவும் ஆட்கள் காட்டில் தங்குகிறார்கள். முன்பு வயனப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) திருடவும் வேட்டையாடவும் காட்டுக்குள் போய்வந்தவர்கள் சிலரை 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை வழிகாட்டிகளாக்கியது. சின்னக் குழுவாகச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போய், கூடாரம் அடித்து, சமைத்துப் போட்டு, ராத்திரி காவல் இருக்கிறார்கள். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர் கூட வருவார். லத்தியைத் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்கிற வித்தை அவர்களுக்கும் தெரியும், எங்கள் பலசரக்குக் கடைக்காரரைவிட நன்றாகவே தெரியும். என்ன, அங்கே ஆளை எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள். சபரிமலையில் சாமியை எண்ணி நிறுத்த யாருக்கு மனசு வரும்?

எண்ணாததற்கும் விலை இருக்கிறது. 2011 ஜனவரி 14 இரவு, மகரஜோதி பார்த்துவிட்டுப் புல்மேட்டிலிருந்து வண்டிப்பெரியார் பக்கம் திரும்பிய கூட்டத்தில் நெரிசல். 102 பேர் செத்தார்கள். யானை நடமாடுகிற காடு அது, இருட்டு வேறு. ஆனால் அன்றைக்கு எந்த யானையும் வரவில்லை.

2024 மார்ச்சில் கேரள அரசு மனித-வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வயநாட்டிலும் இடுக்கியிலும் வீட்டு வாசலில் ஆள் சாகிறபோது அப்படி அறிவிக்கத்தான் வேண்டும். ஆனால் பெரிய பாதையில் நடப்பதை எனக்கு மோதல் என்று சொல்ல வரவில்லை. மோதுவதற்கு இரண்டு பேரும் கிளம்பி வரவேண்டும். இங்கே ஒரு தரப்புதான் மாலை போட்டுக்கொண்டு, டிராவல்ஸ் பிடித்து வருகிறது.

சரி, அன்று அழுதாவில். திரும்பிப்போக வழியில்லை, கரையில் ஒரு தகரக் கொட்டகையில் தங்கினோம். எங்களைப் போலவே கயிற்றில் மாட்டிய நாற்பது ஐம்பது பேர். புரோட்டாக் கடை இருந்தது, சார்ஜ் போட பிளக் இருந்தது. கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் பாட்டுப்பெட்டியில் பக்திப் பாட்டை அலறவிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு தனியாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஆழி இல்லை, தீ மூட்ட அனுமதி இல்லை. வேலிக்கு அந்தப்புறம் ஒரு பெரிய விளக்கு ஆற்றைப் பார்த்து எரிந்தது. காவலுக்கு யார் முழிப்பது என்று பழக்க தோஷத்தில் கேட்டேன். அண்ணன் மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவங்க இருக்காங்கள்ல சித்தப்பா," என்றான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாமி" என்று சேர்த்துக்கொண்டான்.

இரண்டு மணி இருக்கும். விளக்கு அணைந்துவிட்டது, மின்சாரக் கோளாறு போல. முதலில் அக்கரையில் ஒரு மூங்கில் முறிந்தது. ஈரத் துணியை உதறின மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று, கொஞ்சம் கீழே, தண்ணீருக்குப் பக்கத்தில். கொட்டகையில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார், பிறகு எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். யாரோ செல்போன் டார்ச்சை அடித்து ஆற்றுப் பக்கம் தூக்கிப் பிடித்தான். அவனைப் பார்த்து இன்னும் ஏழெட்டு வெளிச்சம். வெளிச்சத்தில் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"கெடுத்து," என்றார் அந்தக் காக்கிச் சட்டைக்காரர், சத்தமே இல்லாமல். எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. "எல்லாம் கெடுத்து சாமி. வெள்ளம் குடிக்க வந்நதா. குடிச்சிட்டுப் போகும்."

ஒவ்வொன்றாக அணைந்தது. மூச்சு விடுகிற சத்தமும் ஆற்றின் சத்தமும்தான். அண்ணன் மகன் ஜமுக்காளத்தோடு நகர்ந்து வந்து, எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டான். என் தலைமாட்டுப் பையில் கடலைமிட்டாய் இருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து எடுத்துக்கொண்டுபோய்க் காவல்காரர் கையில் கொடுத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை; வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.